செய்யப்பட்ட வேலை சுழி

என் அக்கா என்னோடு மூன்று வாரம் பேசாமல் இருந்ததற்குக் காரணம் நான் எழுதிய ஒரு வரி. சொத்துத் தகராறு இல்லை, கல்யாண வீட்டு மனத்தாங்கல் இல்லை. இயற்பியல். அந்த ஒரு வரியால் அவளுடைய வேலையே ஆட்டம் கண்டது.

நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். இத்தனை வருடம் நடத்தியதில் எனக்கு மிஞ்சியது ஞானம் இல்லை, இளக்காரம்தான். எங்கள் தாளாளர் ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் "பல ஒளியாண்டுகளாக இந்தப் பள்ளி" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். ஒளியாண்டு என்பது காலம் இல்லை, தூரம். ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரம். பள்ளி நிஜமாகவே அத்தனை தூரம் போயிருந்தால் ஊருக்கு நிம்மதி. ஒரு சக ஆசிரியை, எரிநட்சத்திரத்தைப் பார்த்து வேண்டிக்கொண்டதால்தான் மகளுக்கு சீட் கிடைத்தது என்றார். அது நட்சத்திரமே இல்லை டீச்சர், காற்று மண்டலத்தில் புகுந்து எரிந்துபோகும் பொடிக்கல் என்றேன். அதன்பிறகு அவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார்.

பள்ளிக்கு வெளியிலும் நான் சும்மா இருந்ததில்லை. தொழிற்பேட்டைக்குள் இரும்புக் கழிவு லாரிகள் ஏறி இறங்கும் மேடைகளில் எல்லாம் 'எடை மேடை' என்று பலகை வைத்திருப்பார்கள். உள்ளே காட்டுவது கிலோ. கிலோ நிறையின் அலகு. எடையை நியூட்டனில் அல்லவா சொல்ல வேண்டும்? ஒருநாள் வண்டியை நிறுத்தி, மேடையில் இருந்தவரிடம் இதை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பின்னாடி லாரி நிக்குது சார், கொஞ்சம் ஓரமா போய்க்கினே பேசுங்க" என்றார். மண்டையில் ஒன்றும் ஏறாத ஜென்மம் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

இப்படிப்பட்ட ஆளிடம் ஒரு புத்தகம் எழுதச் சொன்னால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

எண்ணெய் சேமிக்கும் ராட்சத டேங்குகள் செய்யும் ஒரு தொழிற்சாலை, தொழிலாளிகளின் பிள்ளைகளுக்காக இயற்பியல், வானியல் சொற்களை எளிமையாக விளக்கி ஒரு சிறு புத்தகம் போட நினைத்தது. அங்கிருந்த அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "நம்ம ஏரியா உதாரணமா போடுங்க சார்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எந்த கைடைத் திறந்தாலும் யாரோ ஒருவன் சுவரைத் தள்ளிக்கொண்டே இருக்கிறான். சுவரும் நகர்வதில்லை, அந்த கைடுகளும் இடத்தைவிட்டு நகர்வதில்லை. நான் காட்டுகிறேன் பார் என்று உட்கார்ந்தேன். நிலைமத்துக்கு கம்பெனி பஸ் பிரேக் போடும்போது முன்சீட்டில் போய் முட்டும் ஆட்களை எழுதினேன். உந்தத்துக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி. சரக்கு ஏற்றியது ஒன்று, காலியாக ஒன்று, இரண்டும் ஒரே வேகத்தில் போனாலும் எதை நிறுத்துவது கஷ்டம் என்று கேட்டிருந்தேன்.

வேலை என்ற சொல்லுக்கு இப்படி எழுதினேன்: 'விசை ஒரு பொருளை நகர்த்தினால்தான் வேலை. வெல்டிங் நடக்கும் இடத்தில் தீயணைக்கும் சிலிண்டரைக் கையில் பிடித்தபடி ஒருவர் எட்டு மணி நேரம் அசையாமல் நிற்கிறார். இடப்பெயர்ச்சி இல்லை. எனவே அவர் செய்த வேலை சுழி.'

எழுதிவிட்டு மூன்று முறை படித்துப் பார்த்தேன். அவ்வளவு பிடித்திருந்தது.

அதே தொழிற்சாலையில், ஒரு கான்ட்ராக்டரின் கீழ், அப்படி நிற்பவள்தான் என் அக்கா. அந்த வேலைக்கு ஃபயர் வாட்ச் என்று பெயர். வெல்டிங் பொறி எங்கே தெறிக்கிறது, எங்கே புகைகிறது என்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில், கால் கடுக்கிறது, தோள் விட்டுப்போகிறது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தலையாட்டினேன். அவள் வலியிலிருந்துதான் என் உதாரணத்தை எடுத்தேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

புத்தக வெளியீட்டு விழாவை சனிக்கிழமை காலை கேன்டீன் ஹாலில் வைத்தார்கள். ஷிப்டில் இருந்தவர்களையும் அரைமணி நேரம் உட்கார வைத்திருந்தார்கள். ஆரஞ்சு ஜாக்கெட்டோடு அக்கா மூன்றாவது வரிசையில் இருந்தாள். தம்பி எழுதிய புத்தகம் என்று பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மேடையில் ஒரு மாணவி ஏறி, அவளுக்குக் குறித்துக் கொடுத்திருந்த பக்கத்தை உரக்கப் படித்தாள். 'வேலை சுழி' என்ற இடத்தில் ஹாலே சிரித்தது. எல்லாத் தலையும் மூன்றாவது வரிசைக்குத் திரும்பியது. அதிகாரி கைதட்டினார். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், என் எழுத்துக்குக் கிடைத்த முதல் கைதட்டல் ஆயிற்றே.

திங்கட்கிழமை முதல் அவள் பெயர் 'ஜீரோ அக்கா'. அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். ஆனால் கான்ட்ராக்டர் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சும்மா நிற்கிற வேலைதானே, இனி இரண்டு வெல்டிங் இடத்தை ஒரே ஆள் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். இங்கே பார்த்தால் அங்கே பற்றிக்கொள்ளும், என்னால் முடியாது என்று அக்கா மறுத்தாள். கூப்பிடும்வரை வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்தினாள்.

மூன்றாவது வாரம் நான் கான்ட்ராக்டரின் ஷெட்டுக்குப் போனேன். என் வழக்கமான இளக்காரத்தோடுதான் போனேன். இயற்பியல் சொல்லும் வேலை வேறு, ஒரு மனுஷி செய்யும் வேலை வேறு, தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருக்கிறது என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது என்று பாடம் எடுத்தேன். அவர் நாஷ்டா பொட்டலத்தை ஓரமாக வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார்.

"இன்னா சார் இது பேஜாரா கீது? நானா எழுதுனேன்? நீதான எழுதுன. உன் அக்காவ வெச்சே எழுதிக்கினு, இப்ப என்னாண்ட வந்து வேற வேறன்றியே."

பத்தாம் வகுப்புகூடத் தாண்டாத ஆள் என்று ஷெட்டுக்குள் நுழையும்போது நினைத்திருந்தேன்.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் இருந்தாள், பக்கத்தில் தண்ணீர் கேன் வந்து இறங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும், மூன்று வாரத்துக்குப் பிறகு முதல்முறையாகப் பேசினாள்.

"அந்த கேன இப்டி தூக்கிக்கினு நில்லு. தூக்கிட்டு உள்ள வராத. கீழயும் வெக்காத."

தூக்கிக்கொண்டு நின்றேன். அவள் உள்ளே போய்ப் பாத்திரம் துலக்கினாள். துணியை மடித்தாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, தம்பி நின்னுக்கினே கீது?" என்று கேட்டாள். "சும்மாதான் நிக்குது" என்றாள் அக்கா. விரல்கள் மரத்துப்போயின. கேனை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினேன். தோளில் ஏதோ கொக்கி போட்டு இழுத்தது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. தசை சுருங்கி விரிவதற்கு உடம்பு உள்ளுக்குள் சக்தியைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது, அது வரையறைக்குள் வராது என்று ஒரு வகுப்பு முழுக்க நடத்த எனக்குத் தெரியும். எத்தனையோ முறை நடத்தியும் இருக்கிறேன். புத்தகத்தில் அதற்கு ஒரு வரி ஒதுக்கத் தோன்றவில்லை, ஒதுக்கியிருந்தால் ஹால் சிரித்திருக்காது.

கடைசியில் அவள் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாசல்ல நின்ன, வாசல்லயே கீற. கேனும் எங்கயும் போவல. உன் கணக்குப்படி நீ ஒரு வேலையும் செய்யலடா. அப்புறம் கை ஏன் இப்டி ஆடுது?"

அவள் கேனை என் கையிலிருந்து வாங்கி, ஒரே மூச்சில் உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.