பெரட்டுக்குப் போட்ட தாலாட்டு

எங்கள் தோட்டத்தில் பாட்டுப் போட்டுத்தான் ஆட்களை வேலைக்கு எழுப்பினார்கள் என்று சொன்னால், இப்போதும் சிலர் "அடடா, எவ்வளவு நல்ல தோட்டம்" என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த நல்ல தோட்டம் எனக்குச் செய்ததைச் சொல்கிறேன்.

இலங்கை மலைநாட்டில், தெமோதரைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டம் அது. நான் அங்கே கொழுந்து எடுத்தவள். தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்ததால் இதை எழுதவும் முடிகிறது. கல்யாணமான புதிதில், ஒரு தீபாவளிக்கு மறுநாள், என் வீட்டுக்காரர் என்னை ரயிலில் பதுளைக்குக் கூட்டிப்போய்ப் படம் காட்டினார். படத்தின் கதை மறந்துவிட்டது. அதில் ஒரு தாய் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பாடிய பாட்டு மட்டும் என்கூடவே லயத்துக்கு வந்துவிட்டது. ஒற்றையறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டியிருந்த எங்கள் லயத்தில் அப்போது ரேடியோ கிடையாது. ஒருதரம் கேட்டதை வைத்துக்கொண்டுதான் பாட வேண்டும். மெட்டு முழுதாக நின்றது, வார்த்தை பாதிதான் நின்றது. விட்டுப்போன இடங்களில் அத்தை, மாமன், பால்மாடு, பக்கத்துக் காம்பராக் கோழி என்று கைச்சரக்கைப் போட்டு நிரப்பிக்கொண்டேன். மகன் பிறந்த பிறகு அதுவே அவனுக்குத் தாலாட்டு. கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, பீலியில் தண்ணீர் பிடித்து, சமையலும் முடித்து, அவனைக் காலில் போட்டு ஆட்டும்போது பாடுவேன். ஒரு நாளில் நான் யாருக்கும் பயப்படாமல் வாய் திறந்தது அந்த நேரத்தில்தான்.

அப்போதெல்லாம் விடியுமுன் தப்பு அடித்துப் பெரட்டுக்குக் கூப்பிடுவார்கள். பறைச் சத்தம் கேட்டதும் எழும்பி, பிள்ளையைக் கம்பளியில் சுற்றிப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு, பெரட்டுக் களத்தில் போய் வரிசையில் நிற்க வேண்டும். அங்கேதான் யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவார்கள். பிந்தினால் விரட்டிவிடுவார்கள். அன்றைக்குப் பேர் கிடையாது, பேர் இல்லாவிட்டால் சம்பளமும் கிடையாது. அந்தத் தப்பை வாய் நிறையத் திட்டிக்கொண்டுதான் எழும்புவோம். ஆனாலும் அதில் ஒரு நேர்மை இருந்தது. வேலைக்கு வா என்பதைத் தவிர அது வேறெதையும் எங்களிடம் சொன்னதில்லை.

மகனுக்கு இரண்டு வயது நடக்கும்போது தேயிலை அரைக்கிற ஸ்டோரில் ஒரு கிராமபோனையும் லவுட்ஸ்பீக்கரையும் பூட்டினார்கள். அதன் குழாய் எங்கள் லயத்தைப் பார்த்து இருந்தது. எல்லாம் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் ஐயாவின் யோசனை. யாழ்ப்பாணத்துக்காரர், சங்கீதம் தெரிந்தவர். தப்புச் சத்தம் காட்டுத்தனமாக இருக்கிறது என்று தொரையிடம் சொல்லியிருக்கிறார். சர்க்கார் எங்கள் ஓட்டுரிமையைப் பறித்துக்கொண்டு சில வருஷம்தான் ஆகியிருந்தது, இப்போது தோட்டத்தார் பாட்டைக் கொடுக்க வந்தார்கள். விடியற்காலையில் மூன்று பாட்டு, மூன்றாவது முடியும்போது எல்லாரும் களத்தில் நிற்க வேண்டும் என்று கங்காணி லயம் லயமாக வந்து சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது பாட்டு என் பாட்டு.

முதல் நாள் எனக்குச் சந்தோஷம்தான், அதை மறைப்பானேன். மகன் கம்பளிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "அம்மா பாட்டு" என்றான். "எங்க புள்ள, ஒம் பாட்டுல வர்ற கோழியக் காணோம்" என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். சிரித்துக்கொண்டே ஓடினேன்.

பிறகு தினமும் அதே பாட்டு, மழையென்றாலும் காய்ச்சலென்றாலும். அது தொடங்கினால் பிள்ளையைத் தூக்க வேண்டும், பாதிப் பாட்டில் அவனைப் பிள்ளைக்காம்பராவில் இறக்க வேண்டும், முடியுமுன் களத்தில் நிற்க வேண்டும். கொஞ்ச நாளில் முதல் சத்தத்துக்கே அவன் வீறிட்டு அழத் தொடங்கினான். "இவன் மட்டுமில்ல. அந்தப் பாட்டு போட்டா எல்லாப் புள்ளையும் கதவையே பாக்குது" என்றாள் ஆயா.

ஒரு சாயங்காலம் வழக்கம்போல அவனைக் காலில் போட்டுப் பாட ஆரம்பித்தேன். அவன் என் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதான். தூங்கவைக்கிற பாட்டுக்கு என் பிள்ளை பயந்தான். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் குழாயைக் கல்லால் அடித்து நொறுக்கலாம் போல இருந்தது.

கிளாக்கர் ஐயா வீட்டில் ரேடியோ இருந்தது. பிடிக்காவிட்டால் குமிழைத் திருகி நிறுத்திவிடுவார். எங்களுக்குத் திருகுவதற்கு எந்தக் குமிழ் இருந்தது? கதவைச் சாத்தினால் தகரக் கூரை வழியாக இறங்கியது. இதற்குப் பெயர் பாட்டுக் கேட்பதா? கொழும்பிலிருந்து வந்த தொரையின் விருந்தாளிகள் பங்களா வாசலில் நின்று கேட்டு மெச்சினார்களாம். மெச்சிவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்திருப்பார்கள்.

பீலியடியில் பெண்களிடம் சொன்னேன். "ஒனக்கென்னா கொழுப்பா? தப்புக்குப் பாட்டு எவ்வளவோ மேலு" என்று சிலர் சிரித்தார்கள். கைப்பிள்ளைக்காரிகள் சிரிக்கவில்லை. மறுநாள் மூன்று பாட்டும் முடிந்தன. நாங்கள் யாரும் காம்பராவை விட்டு இறங்கவில்லை. எங்களைப் பார்த்து மற்றப் பெண்களும் நின்றுவிட்டார்கள். களத்தில் ஆண்கள் மட்டும் நின்றார்கள். கங்காணி வந்து கத்திப் பார்த்தார், பலிக்கவில்லை. கடைசியில் கிளாக்கர் ஐயாவே குடையும் காலில் சப்பாத்துமாக வந்து லயத்து வாசல் சேற்றில் நின்றார்.

"என்ன பிள்ளையள் இது? நல்ல பாட்டுத்தானே போடுறம். அதிலயும் குறையோ?"

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான்தான் முன்னால் போனேன். "நல்ல பாட்டுதாங்க. அது புள்ளையத் தூங்க வைக்கிற பாட்டு. அதப் போட்டு எங்கள வேலைக்கு வெரட்டாதீங்க. தப்பு அடிங்க, ஓடியாறோம்."

"அப்ப வேற பாட்டுப் போடச் சொல்லுறன்."

"எதப் போட்டாலும் அதுக்கும் இதே கதிதாங்க. பாட்டே வேணாம்."

அவருக்கு விளங்கவில்லை. நல்லது செய்யப்போய் வம்பை வாங்கிக் கட்டிக்கொண்ட முகத்தோடு திரும்பிப் போனார். கொழுந்து முற்றுகிற காலம், பெண்கள் இறங்காவிட்டால் தொரைக்குக் கட்டுப்படியாகாது. அன்று பிந்தி மலைக்குப் போன எங்களுக்கு அரைப் பேர்தான் போட்டார்கள். மறுநாள் விடியுமுன் தப்பு அடித்தது. லயமே சிரித்துக்கொண்டு அதைத் திட்டியது.

அன்று சாயங்காலம் அவனைக் காலில் போட்டுப் பழையபடி மெதுவாகப் பாடினேன். அவன் அழவில்லை. எழுந்து மூலைக்குப் போய், என் கொழுந்துக் கூடைக்குள் இறங்கி உட்கார்ந்தான். விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "போவாத" என்றான்.

பாட்டை நிறுத்தினேன். அவனுக்குப் பின்னால் இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களை வெறுமனே தட்டித்தான் தூங்க வைத்தேன்.