சரிவில் போட்ட பந்தி

காலை ஏழு இருபது. அந்தியூரில் அந்தப் பழைய தியேட்டருக்குள் நுழைந்ததும் முதலில் பார்த்தது, புது டைல்ஸ் மேல் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர். ஒரு டம்ளர் தண்ணீர்தான். சமையல் மாஸ்டர் முத்துசாமி பின்பக்கம் நின்று அதை ஊற்றியிருந்தார். கூடத்தின் நடுவே நான் எழுப்பியிருந்த தடுப்புச் சுவர்வரை ஓடி, அதில் முட்டி நின்றது.

"இங்கதானுங்க பந்தி போடோணும்? இலைல ஊத்துற ரசம் மாப்பிள்ளையப் பாக்கப் போயிருமுங்களே" என்றார்.

தியேட்டரைக் கல்யாண மண்டபமாக மாற்றும் வேலை என்னுடையது. கட்டட இன்ஜினியராக நான் கைவைத்த நான்காவது தியேட்டர். முதல் மூன்றில் ஒன்று மஞ்சள் குடோன் ஆனது. இரண்டை இடித்து மனை பிரித்தார்கள். இதையும் இடித்துவிடலாம் என்று உரிமையாளர் ருக்மணி அம்மாவின் கொழுந்தனார் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா கேட்கவில்லை. மகள் கல்யாணத்தையே மண்டபத்தின் முதல் கல்யாணமாக வைத்து, பத்திரிகையும் அடித்துவிட்டார். இன்னும் எட்டு நாள். முதல் பந்தி கெட்டால் அடுத்த கல்யாணத்துக்கு யாரும் வரமாட்டார்கள். கட்டடம் கொழுந்தனார் சொன்ன வழிக்குப் போகும்.

தவறு என்னுடையது. தியேட்டர் தரை பத்தடிக்கு ஓரடி இறங்கும். திரை இருந்த பக்கம் மணமேடை; அங்கே தாலி கட்டுவது எல்லோருக்கும் தெரியட்டும் என்று சரிவை அப்படியே விட்டேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. சுவருக்குப் பின்பக்கம் சாப்பாட்டுக் கூடம் என்று குறித்தபோது, அங்கேயும் அதே சரிவு இருப்பதை யோசிக்கவில்லை.

ருக்மணி அம்மா வந்து ஈரத் தடத்தைப் பார்த்தார். 

"ஏனுங்க, மண்ணைக் கொட்டி நெரவிப்போட்டா ஆகாதுங்களா?"

பக்கவாட்டுக் கதவுகள் மூன்றடி புதைந்துவிடும், எட்டு நாளில் மண்ணும் இறுகாது என்றேன்.

"அப்ப வேற வழி சொல்லுங்க. எம்புள்ள கண்ணாலமுங்க."

டேப்பை எடுத்து அளந்தேன். சினிமா நாற்காலி வரிசைபோல மேசைகளைக் குறுக்கே போட்டால், ஒரு மேசையின் அகலத்துக்கு இறக்கம் இரண்டங்குலம்தான். தரையை விட்டுவிட்டு மேசையைத் திருத்தலாம். கோவை கணபதியில் தெரிந்த வெல்டிங் பட்டறையில், பந்திக்கு வாங்கியிருந்த எண்பது மேசைகளையும் இறக்கி, பள்ளத்துப் பக்கக் கால்களில் இரண்டங்குலக் குழாய் வைத்துப் பற்றவைத்தோம். ஐந்து நாள் ஆனது. பள்ளத்துப் பக்கம் உட்கார்ந்தால் மேசை உயரமாகிவிடும். அதனால் ஒரே நிபந்தனை, எல்லோரும் மேட்டுப் பக்கம் உட்கார்ந்து தடுப்புச் சுவரைப் பார்த்தபடி சாப்பிட வேண்டும்.

முத்துசாமி ஒரு மேசையில் இலை போட்டு, ரசம் ஊற்றி, குனிந்து பார்த்தார். "நிக்குதுங்க" என்றவர், அடுப்பு எங்கே போடுவது என்று கேட்டார்.

பழைய கட்டடத்தில் வேலை எடுக்கும் இளைய இன்ஜினியர்களிடம் நான் சொல்வது இதுதான்: அந்த இடத்தில் நாளைக்கு வேலை செய்யப்போகிறவரை, வரைபடம் போடும் முன்பே கூட்டிவந்து காட்டுங்கள்.

கல்யாணத்தன்று சாப்பாட்டுக் கூடத்தின் கதவு திறந்ததும் ஜனங்கள் கடைசி வரிசைக்கு விரைந்தார்கள். முன்வரிசை முழுக்கக் காலி. கொழுந்தனாரும் கடைசி வரிசையில்தான் இருந்தார். முன்னால் வரும்படி அழைத்தேன்.

"முன்னால உக்காந்தா கழுத்து வலிக்குமுங்க" என்றார்.

எதிரே வெள்ளையடித்த சுவர் மட்டுமே இருந்தது.

மூன்று பந்தியிலும் முன்வரிசைதான் கடைசியாக நிரம்பியது. ரசம் ஓடவில்லை. அன்று சாயங்காலம் கொழுந்தனார் தம் பேத்தியின் காதுகுத்துக்கு மண்டபத்தில் தேதி எழுதிவைத்துவிட்டுப் போனார்.