சாவியைத் தொடாத மூன்று நாள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குக் கொடுத்தனுப்பும் சீட்டுதான். எழுத்து கோணலாக இருக்கும். பெரிய ற வர வேண்டிய இடத்தில் சின்ன ர வந்திருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். வேலையைப் பற்றிச் சொல்வதில் மட்டும் பிழை இருக்காது.

2004இல் சின்னமனூரில் செல்லப்பாண்டி அண்ணன் ஷெட்டில் வேலை பார்த்தேன். மலைத் தோட்டத்து ஜீப்புகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. ஒரு வியாழக்கிழமை மதியம், பழைய ஜப்பான் கார் ஒன்றை நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளே இருந்தவர் கால்நடை டாக்டரம்மா.

அவருக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இடது காலில் இரும்புப் பட்டை போட்டிருப்பார். கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால் கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் காராகத் தேடி, எர்ணாகுளத்தில் பழையதாக வாங்கியிருந்தார். அதை வைத்துத்தான் ஊர் ஊராகப் போய் மாடு பார்த்தார்.

"இன்ஜின் உறுமுது, வண்டி நகர மாட்டேங்குது" என்றார்.

கியர் பாக்ஸ் எண்ணெய் குறைந்திருந்தது. சிவப்பு எண்ணெய். செல்லப்பாண்டி அண்ணன் ஆள் அனுப்பித் தேனியிலிருந்து வாங்கி ஊற்றினார். வண்டி நகர்ந்தது. ஆனால் இது நாலாவது தடவையாம். மதுரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் அடித்தட்டில் இருக்கும் ஆயில் பேன் கேஸ்கட்டை இரண்டு முறை மாற்றியும் ஒழுகல் நிற்கவில்லை. கியர் பாக்ஸை முழுதாகப் பிரிக்க வேண்டும், சாமான் கிடைக்காது என்று கைவிட்டுவிட்டார்கள்.

பின்னாலேயே டாக்டரம்மாவின் அண்ணன் வந்தார். வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர். "திங்கக்கெழமை புரோக்கர் வாராப்ல. வண்டியக் குடுத்து விட்ருவோம். மதுரைல ஆபீஸ் வேலை இருக்குன்னு சொல்றாக. அங்கன போயி ஃபேனுக்குக் கீழ ஒக்காரு."

"ஃபேனுக்குக் கீழ மாடு வராதுண்ணே."

"ஒரு டிரைவரப் போட்டுக்க."

"கன்னு போடுற மாடு, டிரைவர் சாப்ட்டு வரட்டும்னு காத்திருக்காது."

ஆனாலும் அண்ணன் புரோக்கரை வர வேண்டாம் என்று சொல்லவில்லை.

வண்டி அன்று ஷெட்டிலேயே நின்றது. நான் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸைத் தொட்டதே கிடையாது. சாயங்காலம் செல்லப்பாண்டி அண்ணன் இன்ஜினை ஓடவிட்டு எண்ணெய் அளந்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் நானே டிப் ஸ்டிக்கை உருவினேன். எண்ணெய் முதல் நாளைவிட இரண்டு விரற்கடை கூடியிருந்தது.

"ஏலே முருகா, ஒழுகுற வண்டியில எண்ணெய் எப்படிறா கூடும்? துடைச்சுட்டுப் பாரு" என்றார் செல்லப்பாண்டி அண்ணன்.

துடைத்துவிட்டுப் பார்த்தேன். கூடித்தான் இருந்தது. ஸ்டார்ட் செய்து பார்த்தால் பழைய அளவுக்கு இறங்கிவிட்டது.

எனக்குக் கிணற்று மோட்டார் ஞாபகம் வந்தது. ஃபுட் வால்வு போன மோட்டாரை நிறுத்தினால் குழாயில் ஏறிய தண்ணீர் திரும்பக் கிணற்றுக்குள் இறங்கிவிடும். இதிலும் அப்படித்தான். இன்ஜின் ஓடும்போது, கிளட்ச்சுக்குப் பதிலாக இருக்கும் கன்வெர்ட்டருக்குள் ஏறி நிற்கும் எண்ணெய், வண்டி நிற்க நிற்க மெதுவாகக் கீழே இறங்குகிறது. எண்ணெய் மட்டம் உயர்கிறது. வண்டி ஓடும்போது எண்ணெய் எட்டாத ஏதோ ஓர் இடத்தை அது நிற்கும்போது எட்டுகிறது. ஓட்டை அங்கேதான் இருக்க வேண்டும்.

மதுரையில் தினமும் ஸ்டார்ட் செய்து இடம் மாற்றி நிறுத்தியிருப்பார்கள். மெக்கானிக் எவனும் வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் சாவியைத்தான் திருப்புவான். நானும் அப்படித்தான் இருந்தேன். சாவியைத் திருப்பினால் எண்ணெய் மேலே ஏறிவிடும், ஒழுகலும் ஒளிந்துகொள்ளும்.

பெண்களிடம் பேச எனக்குக் கூச்சம். டாக்டரம்மா வந்தபோது தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்: "எண்ணெய் தரையில கெடக்கறது எந்தக் கெழமைங்கம்மா?"

"திங்கக்கெழமை காலைல. சனி, ஞாயிறு வண்டிய எடுக்க மாட்டேன். இத்தன பேரு பாத்தாக, ஒருத்தரும் எங்கிட்ட இதக் கேக்கல. மாட்டுக்கு நோவுன்னா நாங்க மொதல்ல கேக்கறதே இதத்தான்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்கே வண்டியைக் கொண்டுபோனேன். அங்கே பார்த்ததும் பாதி விஷயம் விளங்கிவிட்டது. படி ஏற முடியாதவர் என்பதால் வீட்டு வாசல் வரைக்கும் சிமென்ட் சரிவு போட்டிருந்தார்கள். வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு அதன் மேல்தான் நிற்கும். எண்ணெய் இன்னும் பின்பக்கமாகச் சாயும்.

கியர் பாக்ஸின் அடியையும் பக்கங்களையும் பெட்ரோல் போட்டுக் கழுவி, காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினேன். கீழே வெள்ளை அட்டை விரித்தேன். சாவியை டாக்டரம்மாவிடம் கொடுத்து, யாரும் தொட வேண்டாம் என்று சொன்னேன்.

சனிக்கிழமை ஒன்றும் இல்லை. ஞாயிறு காலையிலும் இல்லை. வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது டாக்டரம்மாவின் அண்ணனுடைய செருப்பு தெரிந்தது.

"என்னப்பா, காருக்குப் பவுடர் பூசிருக்க. பொண்ணு பாக்க வாராகளா?"

நான் அட்டையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன்.

"ரெண்டு நாளாச் சும்மா படுத்துக் கெடந்து பாக்குறதுக்குப் பேரு மெக்கானிக்கா? மதுரைக்காரன் கையில ஸ்பேனராவது இருந்துச்சு."

ஞாயிறு சாயங்காலம் பவுடரில் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. டார்ச் அடித்து அதன் வழியே மேலே போனேன். டிப் ஸ்டிக் குழாய் கியர் பாக்ஸுக்குள் நுழையும் இடத்தில், பின்பக்கமாக, ஒரு சொட்டு திரண்டு நின்றது. அங்கிருந்து வழிந்து ஆயில் பேன் மூலைக்கு வந்து விழுந்துகொண்டிருந்தது. விழும் இடத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் கேஸ்கட்டைக் குறை சொல்லியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை விடிந்ததும் ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றிக் குழாயை உருவினேன். அதன் நுனியில் இருந்த ரப்பர் ரிங் காய்ந்துபோய்க் கண்ணாடி வளையல் மாதிரி கையிலேயே ஒடிந்தது. கொண்டுவந்திருந்த டிராக்டர் ஹைட்ராலிக் ரிப்பேர் கிட்டிலிருந்து அதே அளவில் ஓ ரிங் எடுத்தேன். அது எண்ணெய் தாங்கும் ரப்பர். போட்டு முறுக்கினேன். வண்டியைச் சூடேற ஓட்டி, எண்ணெய் அளவைச் சரிபார்த்து, மறுபடி அதே சரிவில் நிறுத்தினேன்.

பத்து மணிக்குப் புரோக்கர் வந்துவிட்டார். "சரி பண்ணியாச்சுல்ல, பெறகென்ன, பாத்துட்டுப் பேசுவோம்" என்று சாவிக்குக் கை நீட்டினார்.

டாக்டரம்மா கொடுக்கவில்லை. "மூணு நாள் நிக்கட்டும். வியாழக்கெழமை வாங்க. ஒரு சொட்டுக் கெடந்தாலும் நீங்களே கொண்டுபோங்க."

"அப்ப மதுரைக்கு மாத்தல் கேட்டும் எழுதிக் குடுத்துருவியா?" என்று கேட்டார் மண்டி அண்ணன்.

"குடுத்துருவேன்."

ஒரு ரப்பர் ரிங்கை நம்பி அந்தம்மா தன் வேலையையே பணயம் வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மதியம் நான் அங்கே வண்டிக்கடியில் இருந்தபோது, பக்கத்து மார்க்கையன்கோட்டையிலிருந்து ஒருவர் வேகமாகச் சைக்கிள் மிதித்து வந்தார். மாடு காலையிலிருந்து முக்குகிறது, கன்று திரும்பிக் கிடக்கிறது என்றார். டாக்டரம்மா பையை எடுத்துக்கொண்டு நேரே கார்க் கதவைத் திறந்தார்.

நான் வெளியே உருண்டு வந்து சத்தமாகவே சொல்லிவிட்டேன்: "ஆத்தா, சாவியத் தொடாதீக. ரெண்டு நிமிசத்துல ஜீப்பக் கொண்டாறேன்."

அப்படிப் பேசியது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. செல்லப்பாண்டி அண்ணனின் ஜீப்பில் கூட்டிக்கொண்டு போனேன். கிடாரிக் கன்று. தாயும் பிழைத்தது. நானும் கன்றின் காலைப் பிடித்து இழுத்தேன்.

வியாழக்கிழமை காலை சரிவைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். செல்லப்பாண்டி அண்ணன் ஷெட்டைப் பூட்டிவிட்டே வந்திருந்தார். புரோக்கர் குனிந்து பார்த்தார். வாழைக்காய் மண்டி அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் போட்டு, அட்டையை வெளியே இழுத்தார். வெள்ளையாக இருந்தது. திருப்பியும் பார்த்தார். பிறகு வெள்ளைத் துண்டை எடுத்து டிப் ஸ்டிக் குழாயின் அடியில் விட்டுத் துடைத்தார். துண்டில் பவுடர் மட்டும்தான் ஒட்டியிருந்தது.

"வேற வண்டி எதுவும் குடுக்கறதா இருந்தாச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் புரோக்கர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

டாக்டரம்மா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ரிவர்ஸ் போட்டதும் வண்டி தயங்காமல் இறங்கியது. மாடு பார்க்கக் கிளம்பிவிட்டார். செல்லப்பாண்டி அண்ணன் என் தோளில் கை போட்டார். பதினோரு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் மண்டி லாரி ஒன்று ஷெட்டு வாசலில் வந்து நின்றது. டாக்டரம்மாவின் அண்ணன் தலையை நீட்டினார். "ஏப்பா முருகா, இதுலயும் எங்கனயோ எண்ணெய் ஒழுகுது. அந்தப் பவுடர் மிச்சம் இருக்கா?"

அதன் பிறகு தேனி, கம்பம் பக்கம் ஆட்டோமேட்டிக் கார் எது கெட்டாலும் என்னைத் தேடி வந்தார்கள். நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். வண்டி வந்ததும் சாவியைத் திருப்பாதீர்கள். முதலில் அது நின்றபடியே என்ன செய்கிறது என்று பாருங்கள். அதை ஓட்டுகிறவரிடம் எந்தக் கிழமை, எந்த இடம், எவ்வளவு நேரம் நின்றது என்று கேளுங்கள். கூச்சமாக இருந்தால் தரையைப் பார்த்துக்கொண்டாவது கேளுங்கள்.

"எங்க கேஸ் எழுதி வைக்கிற மாதிரி இதையும் எழுதி வைங்க" என்று டாக்டரம்மா அப்போதே ஒரு நோட்டு கொடுத்தார். ஆறு வருடம் எழுதாமலே வைத்திருந்தேன். இன்று காலை அவர் வீட்டு வழியாக வந்தேன். அதே கார் அதே சரிவில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. குனிந்து பார்த்தேன். தரை காய்ந்து கிடந்தது. வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன்.

12.9.2010, ஞாயிற்றுக்கிழமை.