அம்மா விடாத ஜெபம்

ஒரகடம் கம்பெனியில் காலில் அடிபட்ட தோழி ஸ்டெல்லாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டில் சீழும் பினாயிலும் கலந்து நாறியது. எனக்குப் பத்து வயதானபோது எங்கள் வீடும் இப்படித்தான் நாறியது.

அப்பாவுக்குச் சர்க்கரை. கால் புண் அழுகிவிட்டது. அம்மா ஜெபம் செய்துகொண்டே அதைக் கழுவிக் கட்டுவாள். நான் மூக்கைப் பொத்திக்கொள்வேன்.

ஒருநாள் சபையிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். மூக்கில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டே அம்மா கொடுத்த பஜ்ஜியைத் தின்றார்கள். அவர்களில் மூத்தவர் சொன்னார்: "வூட்ல மறைச்ச பாவம் ஏதோ கீதும்மா. அதான் கர்த்தர் காது குடுக்கல."

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். புண்ணைவிட, எண்ணெய் மினுங்கிய அந்த வாய்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

"பாவம் எல்லார் வூட்லயும் கீது. கெளம்புங்க" என்றாள் அம்மா.

அவர்கள் போனதும் கேட்டேன்: "ஆறு மாசமா கேக்கற. ஆண்டவரு இருக்காரா இல்லியாம்மா?"

"தெரியலடி. ஒரு பதிலும் காணோம். எனக்கே வெறுத்துப்போச்சு."

சொல்லிவிட்டு மறுபடி ஜெபிக்கத் தொடங்கினாள். அதில் கெஞ்சல் இல்லை, கோபம்தான் இருந்தது.

அப்பா பிழைக்கவில்லை. அடுத்த ஞாயிறே அம்மா அதே சபைக்குக் கிளம்பினாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. "பஜ்ஜி துன்னுட்டுப் பேசன அந்தாளுக்காக என் ஆண்டவர நான் ஏன் வுடணும்?" என்றாள்.

ஸ்டெல்லாவின் கட்டைப் பிரிக்க நர்ஸ் வந்தார். "எனக்காக ஜெபம் பண்றியாடி?" என்று கேட்டாள் ஸ்டெல்லா.

"பண்றேன். அவரு கேக்கறாரான்னு எனக்குத் தெரியாது."

"பரவால்ல, பண்ணு" என்றாள்.