பால்மா ரின்னுக்குள் இருந்த எஞ்சின்

வெளிநாட்டிலிருந்து லீவில் வரும்போது சொக்லேட்டோடு சட்டங்களும் கொண்டுவருகிறவர் என் அண்ணா. உருத்திரபுரத்தில் அறுவடை முடிந்த வயலில், பழைய எஞ்சின் பூட்டிய சின்ன விமானங்களுக்குக் குட்டிக்கரணப் போட்டி வைப்போம் என்று இந்த வருடம் தொடங்கினார். விமானத்தை இரண்டு மெல்லிய கம்பிகளில் கட்டி, நடுவில் நின்று, கைப்பிடியால் ஆட்டிப் பறக்கவிட வேண்டும். சேர்ந்தது நாலு பேர். அதற்குள் ஒரு சட்டம்: எஞ்சின் பழையதாக இருந்தால் மட்டும் போதாது, உள்ளே ஒரு பாகமும் மாற்றியிருக்கக் கூடாது.

"புதுப் பிஸ்டன் போட்டா எஞ்சின் கூடுதலா இழுக்கும். மற்ற ஆக்களுக்கு அநியாயம்" என்றார்.

என் கணவரின் எஞ்சினில் பிஸ்டன் புதிது, பரந்தனில் லேத்தில் கடைந்தது. போட்டியில் ஒருதரமாவது அதைப் பறக்கவிட வேண்டும் என்று எத்தனையோ வருட ஆசை அவருக்கு. ஆனாலும், "ஓம் மச்சான், சட்டம் சரிதான்" என்று சொல்லிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏனென்றால் அந்த எஞ்சின் அண்ணாவுடையது. வெளிநாடு போகும்போது தன் சிநேகிதனிடம் விட்டுப்போனார். அந்தச் சிநேகிதன்தான் பிறகு என்னைக் கட்டினவர். போரின் கடைசி இடப்பெயர்வில் ஊரே நகையையும் பித்தளைப் பாத்திரங்களையும் புதைத்துவிட்டு ஓட, இவர் எஞ்சினுக்குக் கிறீஸ் பூசி, பால்மா ரின்னுக்குள் வைத்துப் புதைத்தார். திரும்பி வந்து தோண்டினால் ரின்னின் தகரமே உக்கிப்போயிருந்தது. துருப்பிடித்ததை எல்லாம் ஒவ்வொன்றாக மாற்றியதில், அண்ணாவுக்கே அது தன்னுடையதென்று மட்டுப்படவில்லை.

"சொல்லிப்போடாதை. சொன்னா எனக்காகச் சட்டத்தை விட்டிடுவான். அது மற்ற ஆக்களுக்கு ஞாயமில்லை" என்று இவர் என் வாயைக் கட்டியிருந்தார்.

போட்டியன்று இவர் வரம்பில் தனியாக இருந்து மற்றவர்களுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார். அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. நேரே அண்ணாவிடம் போனேன்.

"அண்ணா, நீங்கள் இப்ப கொண்டுவந்த எஞ்சின் அலுமாரிக்குள்ள இருந்தது. இவற்ற எஞ்சின் மண்ணுக்குள்ள கிடந்தது. அது நீங்கள் விட்டிட்டுப் போனதுதான்."

 அண்ணா தன் விமானத்தைக் கொண்டுபோய் இவர் மடியில் வைத்தார்.

"சட்டம் சட்டம்தான் மச்சான். நீ என்ர பிளேனோட போட்டிக்கு வா. நான் உன்ரயைப் பறக்கவிடுறன். எனக்குப் புள்ளி வேண்டாம்."

இவருக்கு இரண்டாமிடம் கிடைத்தது. கடைசியாக அண்ணா இவரின் விமானத்தோடு இறங்கினார். உச்சியில் விமானம் தலைகீழானபோது எஞ்சின் இருமியது.  பிறகு மெல்லப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தது. பலகையில் அண்ணாவுக்குப் பூச்சியம் போட்டார்கள்.

அவர் அதைப் பார்க்கவேயில்லை. சூடு ஆறாத எஞ்சினைத் தொட்டபடி இவரிடம் கேட்டார்.

"இதை எவ்விடத்தில மண்ணுக்குள்ள தாட்டு வைச்சனி?"

"உங்கட வீட்டுக் குசினிக்குப் பின்னால" என்றார் இவர். "நான் இல்லாட்டியும், நீ வந்தா வீட்டுச் சாமான் தேடி அங்கதானே முதல் கிண்டிப் பாப்பாய்."