தெருவை அடைத்தவை

காலை ஆறேகால் மணி. முனிசிபாலிடியின் குப்பை லாரி ஒரு பழைய வேனைச் சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டு தெருமுனையில் திரும்பியதைத்தான் முதலில் பார்த்தேன். வேனின் முன்கண்ணாடியில் ‘விற்பனைக்கு’ என்று சுண்ணாம்பால் எழுதியிருந்தது.

அறுபதுகளின் கடைசி அது. காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் மாடியறையில் குடியிருந்தேன். சென்னை நாளிதழ் ஒன்றுக்கு உள்ளூர்ச் செய்தி அனுப்புவது என் வேலை.

எங்கள் தெரு நீளம், வளைவில்லாதது. புடவையின் நெடுக்கு இழைகளான பாவு முழுவதையும் நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டு, வெயிலில் காயவைக்கத் தோதானது. அந்த இடத்தைத்தான் ஒரு தரகர் பிடித்துக்கொண்டார். பழைய கார்களையும் வேன்களையும் வாங்கி, பாட்டரியைக் கழற்றிவிட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, தெருவோரம் நிறுத்தி விற்றார். நெசவாளர்கள் பாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள். அங்கிருந்தவர்கள் விரட்டினார்கள்.

கடைசியில் என் எதிர்வீட்டுக்காரர் முனிசிபாலிடிக்கு மனு எழுதினார். இளைஞர், கலகலப்பாகப் பேசுவார். தறி அவருடையது, பட்டு முதலாளியுடையது. பாவு போட இடமில்லாமல் ஏற்கெனவே ஒரு புடவை தாமதமாகியிருந்தது. இனி ஒரு பாவு கெட்டாலும் பட்டு தரமாட்டேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். அது தெருவுக்கே தெரியும்.

வேன் போனதும் தெரு பாதி காலியானது. அப்போது நின்றிருந்தவற்றில் ஒரு பழைய டாக்ஸி மட்டும் மிச்சம். எதிர்வீட்டுக்காரர் காத்திருக்கவில்லை. மூங்கில் கவைகளை நட்டு, பாவை நீட்டி, கஞ்சி போட்டுவிட்டார். அவர் மனைவி ஒரு முனையிலிருந்து இழைகளை நீவிக்கொண்டே வந்தார்.

“இன்னாபா, லாரி திரும்பி வர்றதுக்குள்ளயே கல்யாணப் பந்தலா?” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

“நம்ம மனுபா. நாமதான் மொதல்ல அனுபவிக்கணும்” என்று இவர் சிரித்தார்.

லாரி டாக்ஸிக்காகத் திரும்பி வந்தது. இந்த முறை முனிசிபாலிடி ஓவர்சியரும் தரகரும் கூடவே வந்தார்கள். வண்டிகளை நகர்த்தத் தரகர் ஒரு நாள் அவகாசம் கேட்டிருந்தாராம், கிடைக்கவில்லை. அந்தக் கோபத்தில் பாவைச் சுட்டிக்காட்டினார்.

“என் வண்டி தெருவ அடைக்குதுன்னா, இது இன்னா சார்? இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் கட்டிக்கினு இருக்காங்க. லாரி எப்படிப் போவும்?”

கூட்டம் கூடியது. ஓவர்சியர் ஒருமுறை பாவைப் பார்த்தார், ஒருமுறை கூட்டத்தைப் பார்த்தார்.

“எடுங்க” என்றார்.

“சார், கஞ்சி போட்டது. ஈரத்துல சுருட்டினா இழையெல்லாம் ஒட்டிக்கும். வெயில் ஏறட்டும் சார், நானே எடுத்துடறேன். மனு குடுத்ததே நான்தான் சார்.”

“தெருவ அடைக்கறத எடுக்கணும்னுதானே எழுதியிருக்க? அவனுக்கு டைம் குடுக்காம உனக்குக் குடுத்தா, நாளைக்கு என் வேலை இருக்குமா?”

“நல்லா எழுதினேப்பா மனு” என்றார் தரகர். “உனக்கும் சேர்த்தே எழுதிட்ட.”

யாரோ சிரித்தார்கள். முனிசிபாலிடி ஆட்கள் கவைகளைப் பிடுங்கினார்கள். நடுப்பகுதி முதலில் தரையைத் தொட்டது. எதிர்வீட்டுக்காரரின் மனைவி ஓடிப்போய் அதை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டார். ஏந்திய இடம் தவிர மற்றதெல்லாம் மண்ணில் கிடந்தது. ஆட்கள் அதை மடித்து, சரியாகச் சொன்னால் அள்ளி, வாசலில் வைத்தார்கள். பிறகு டாக்ஸிக்குச் சங்கிலி மாட்டினார்கள்.

அன்று முழுவதும் கணவனும் மனைவியும் இழைகளைப் பிரித்தார்கள். பிரித்த இடங்களில் அறுந்தது. மாலையில் முதலாளியின் ஆள் வந்து பார்த்தார். சைக்கிளில் திரும்பிப் போனார். அதன்பின் அந்த வீட்டுக்குப் பட்டு வரவில்லை.

நான் அனுப்பிய செய்தி நான்கு வரியாக வெளிவந்தது. வாகனங்கள் அகற்றப்பட்டதும் பொதுமக்கள் வரவேற்றதும் இருந்தன. பாவைப் பற்றிய பத்தி இடமில்லாமல் வெட்டப்பட்டிருந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் ஆக்கிரமிப்பு அகற்றுவதைப் பார்த்துவிட்டேன். இப்போதெல்லாம் நான் முதலில் லாரியைப் பார்ப்பதில்லை. அதன் எதிரில் தரையில் என்ன விரிந்திருக்கிறது என்றுதான் கண் தேடுகிறது.

அபராதம் கட்டி வண்டிகளை மீட்ட தரகர், பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு காலி மனையை வாடகைக்கு எடுத்தார். அடுத்த மாதம் அந்த வழியாகப் போனேன். அதே டாக்ஸி அங்கே நின்றிருந்தது. எதிர்வீட்டுக்காரர் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.