கேப்டனிடம் ‘தப்பு’ என்று சொல்வது

இன்று சென்னையில் தரையிறங்கும்போது...

அவசரமாக எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் திட்டாதீர்கள்!

நான் துணை விமானி. (எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், வேலை வேண்டும்!)

திருச்சியிலிருந்து சென்னை. பயணிகளில் ஒருவர் எங்கப்பா. பூதலூர்ப் பக்கம் ஊரான் வயலில் நட்டு, அறுத்து என்னைப் படிக்கவைத்தவர். அவருக்கு இதுதான் முதல் விமானம். வேட்டி கசங்கும் என்று பெல்ட் போட மாட்டேன் என்றாராம்!

சென்னைக்கு மேலே நல்ல மழை. முன்னும் பின்னும் விமானங்கள். கடைசி நேரத்தில் ரன்வேயை வேறு மாற்றினார்கள். கேப்டனுக்கு ஒரே சமயத்தில் நாலு வேலை.

நாலாயிரம் அடிக்கு இறங்கச் சொன்னார் கன்ட்ரோலர். ‘நாலாயிரம்’ என்று நானும் திருப்பிச் சொன்னேன்.

உயரம் வைக்கும் குமிழில் கேப்டன் திருகி வைத்தது மூவாயிரம்.

கண்ணெதிரே தெரிகிறது! ‘தப்பு’ என்று ஒரு வார்த்தை போதும். பயிற்சியில் அதைத்தான் படித்துப் படித்துச் சொன்னார்கள். என் வாயில் வந்ததோ...

“சார், அந்த ஆல்டிட்யூட் கொஞ்சம் பாத்துக்கறீங்களா?”

“ம்ம், பாத்துட்டுத்தான் இருக்கேன்.”

பண்ணைக்காரர் வாசலில் நின்று ‘ஐயா, பாத்து செய்யுங்க’ என்றே பேசிப் பழகிய குடும்பம் நாங்கள். பெரியவர்களைப் பார்த்து ‘தப்பு’ என்று சொல்ல நாக்கு எழவில்லை.

“சார்... நாலாயிரம்னு சொன்ன மாதிரி இருந்துச்சு சார்.”

(மாதிரி இருந்துச்சாம்! திருப்பிச் சொன்னதே நான்தானே!)

அதற்குள் நாலாயிரத்தைத் தாண்டிக் கீழே போய்விட்டோம். எங்களுக்குக் கீழே இன்னொரு விமானம். ‘டிராஃபிக்! டிராஃபிக்!’ என்று எச்சரிக்கைக் குரல் அலறியது.

நானும் அலறினேன். “தப்பு! நாலாயிரம்! மேல ஏத்துங்க!”

ஏற்றினார். மேகத்துக்குள் அந்த விமானம் எங்களைக் கடந்து போனது. கண்ணுக்குத் தெரியக்கூட இல்லை.

இறங்கியதும் அப்பா காக்பிட் வாசலுக்கு வந்து கேப்டனைக் கும்பிட்டார்.

“பூப்போல கொண்டாந்து எறக்கிட்டீங்க ஐயா.”

கேப்டன் சிரிக்கவில்லை. “உங்க பொண்ணுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்திங்க. என்னையே அதட்டுறாங்க.”

அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது.

“சின்னப் புள்ள ஐயா, தெரியாம பேசியிருக்கும். மனசுல வச்சுக்காதீங்க.” என் பக்கம் திரும்பி, “மன்னிப்பு கேளும்மா. வேல போயிரப் போவுது.”

“கேக்க மாட்டேம்ப்பா.”

கம்பெனிக்கு நடந்ததை நடந்தபடியே சொல்லிவிட்டேன், என் ‘கொஞ்சம் பாத்துக்கறீங்களா’ உட்பட. டாக்ஸியில் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் சாவுக்கு எவ்வளவு பக்கத்தில் போய்த் தப்பினார் என்பதை இன்னும் நான் சொல்லவில்லை.

சொல்ல முடியாதது இன்னொன்றும் இருக்கிறது. அலறிய அந்த நொடியில் மற்ற பயணிகள் யாரும் என் நினைவில் இல்லை. அப்பா மட்டும்தான் இருந்தார்.

அவர் வராத நாளாக இருந்திருந்தால், மறுபடியும் ‘சார்...’ என்றுதான் ஆரம்பித்திருப்பேனா?